புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி

பழக்கதோஷம் லேசுல விடாதுங்க. நேத்து புதன்கிழமை, நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு, ஆபீஸ்ல மீட்டிங் ஓடிக்கிட்டு இருக்கு, நான் மேசைக்குக் கீழ போனை வச்சுக்கிட்டு கார் சிஓஇ ஏலம் எவ்வளவுல போய் நிக்குதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். எங்கிட்ட கார் கிடையாது. டிசம்பர் கடைசியிலயே குடுத்தாச்சு. வாங்கற ஐடியாவும் இல்ல. ஆனாலும் கை தானா போகுது, ஒரு வருஷமா ஒவ்வொரு ஏலத்துக்கும் பாத்துப் பாத்து லாட்டரி ரிசல்ட் மாதிரி ஆயிடுச்சு, என்ன லாட்டரியில விழுந்தா சந்தோஷம், இதுல விழவே மாட்டேங்குதுன்னு கவலை.

ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களும் இதைப் படிக்கறீங்கன்னு தெரியும், அதனால ஒரு வார்த்தை சொல்லிடறேன். சிங்கப்பூர்ல காசு இருந்தா மட்டும் கார் வாங்கிட முடியாது. வாகன உரிமைச் சான்றிதழ்னு ஒண்ணு, இங்க எல்லாரும் சிஓஇன்னுதான் சொல்லுவோம், அதை ஏலத்துல எடுக்கணும். மாசத்துக்கு ரெண்டு தடவை ஏலம், திங்கட்கிழமை மத்தியானம் 12 மணிக்குத் திறந்து புதன்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மூடுவாங்க. எடுத்தா 10 வருஷத்துக்கு வண்டி ஓட்டலாம். 1990 மே மாசத்துல இருந்து இந்த முறைதான்.

2025 அக்டோபர்ல சின்னக் கார் பிரிவு, அதான் ஏ பிரிவு, 128,105 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்குப் போச்சு. அதுக்கு முந்தின ஏலத்துல 119,003, அதுவே அப்ப புது ரெக்கார்டு. அந்த வாரம் பட்டுக்கோட்டையில இருந்து சித்தப்பா கால் பண்ணியிருந்தாரு, பேச்சு வாக்குல சொல்லிட்டேன்.

"எண்பது லட்சத்துக்கு மேல வருதே தம்பி, அப்படி என்ன பெரிய காரு?"

"காரு இல்ல சித்தப்பா, கார் வாங்கறதுக்கு அனுமதிச் சீட்டு."

"சரி. அப்ப காரு?"

"அது தனி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா, "அப்பா நல்லா இருக்காரா"ன்னு பேச்சை மாத்திட்டாரு. மனுஷன் எனக்கு ஏதோ கஷ்டம்னு நினைச்சிருப்பாரு போல.

எங்க கதை என்னன்னா, 2015 டிசம்பர்ல ஒரு சாதாரண 1600 சிசி கார் எடுத்தோம். பெரிசா ஒண்ணும் இல்ல, ஜப்பான் வண்டி, வெள்ளிக் கலர், பின்னாடி குடை ரெண்டும் அம்மாவோட கோயில் கூடையும் வைக்க டிக்கி. சிஓஇ அப்ப 55 ஆயிரத்துச் சொச்சம், எல்லாம் சேத்து 1 லட்சத்து 5 ஆயிரம் கிட்ட ஆச்சு. அப்பவும் புலம்பினோம். அந்த நேரத்துல அஞ்சு வருஷத்துக்குள்ள லோன் அடைக்கணும்னு ரூல் வேற, மாசாமாசம் கழுத்தைப் பிடிச்சுச்சு. ஆனா அம்மா அப்ப இருந்தாங்க, ஈசூன் வீட்டுல இருந்து லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூ வாங்கப் போறதே அவங்களுக்கு ஒரு டூர் மாதிரி. அதுக்காகவே வாங்கினோம்னு சொல்லலாம்.

பத்து வருஷம் எப்படி ஓடுச்சுன்னே தெரியல. போன வருஷம் ஆரம்பத்துல இருந்தே வீட்டுல இதே பேச்சுதான். டிசம்பரோட சிஓஇ முடியுது, என்ன பண்றது? மூணு வழி இருக்கு. ஒண்ணு, வண்டியைக் குடுத்துட்டு பார்ஃப் காசை, அதான் நாம கட்டின கூடுதல் பதிவுக் கட்டணத்துல திரும்பத் தர்ற பங்கை, வாங்கிக்கறது. ரெண்டு, இன்னொரு 10 வருஷத்துக்குப் புதுப்பிக்கறது. மூணு, 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கறது, பாதிக் காசு கட்டினாப் போதும் ஆனா அதுக்கப்புறம் மறுபடி புதுப்பிக்க முடியாது, வண்டி குப்பைக்குத்தான்.

இதுலதான் எனக்கு முதல் கடுப்பு. புதுப்பிக்கறதுக்கு எவ்வளவு கட்டணும்னா கடைசி மூணு மாசத்து ஏலத்தோட சராசரி, பிகியூபின்னு பேரு. நான் ஏலத்துல நிக்கவே இல்லைங்க. எங்கிட்ட ஏற்கனவே ஒரு வண்டி இருக்கு, ஓடுது, இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆகுது, புதுசா ரோட்டுக்கு ஒரு வண்டி கூட நான் சேக்கல. ஆனா முன்னப்பின்ன தெரியாத யாரோ ஷோரூம்ல ஏசியில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே போட்ட ஏலத்துக்கு நான் கட்டணும். மின்சாரக் காருக்குக் குடுக்கிற சலுகை 2026-ல இருந்து குறையுதுன்னு தெரிஞ்சதும் 2025 கடைசியில எல்லாரும் முண்டியடிச்சுக்கிட்டு ஓடினாங்க, விலை எகிறிடுச்சு, அந்த எகிறின விலை அப்படியே என் சராசரிக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. கல்யாணம் ஒருத்தன் வீட்டுல, மொய் என் தலையில.

அந்த மூணு மாசக் கணக்கு 1 லட்சத்து 15 ஆயிரத்தை ஒட்டி வந்துச்சு. பத்து வருஷம் பழசான வண்டிக்கு. சீட்டு கிழிஞ்சு நான் கவர் போட்டு மறைச்சு வச்சிருக்கிற வண்டிக்கு.

சரி புதுசு வாங்கலாமேன்னு நீங்க கேக்கலாம். நானும் ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பர் எடுத்துப் போட்டுப் பாத்தேன். ஒரு காரோட சந்தை மதிப்பு, ஓஎம்வின்னு சொல்றது, 22 ஆயிரம் வெள்ளின்னு வச்சுக்குவோம், இந்த ஊருக்கு வந்து இறங்கற விலை அதுதான். அதுக்கு 20 சதவீதம் கலால் வரி, 4,400. ரெண்டையும் கூட்டி அதுமேல 9 சதவீதம் ஜிஎஸ்டி, 2,376. அப்புறம் ஏஆர்எஃப், கூடுதல் பதிவுக் கட்டணம், முதல் 20 ஆயிரத்துக்கு நூத்துக்கு நூறு, அதுக்கு மேல போற 2 ஆயிரத்துக்கு 140 சதவீதம், ஆக 22,800. பதிவுக் கட்டணம்னு 350, நாங்க எடுத்தப்ப அது 140-தான், ஆனா இந்தக் கூட்டத்துல 350 வெள்ளியைப் பாத்தா பாவமா இருக்கு, பெரிய வீட்டுக் கல்யாணத்துல மூலையில நிக்கிற தூரத்துச் சொந்தம் மாதிரி. கடைசியா சிஓஇ, குறைச்சுப் போட்டாலும் 1 லட்சத்து 10 ஆயிரம். கூட்டினா 161,926. இன்னும் ஷோரூம்காரன் லாபம் வைக்கல, இன்ஷூரன்ஸ் இல்ல, ரோடு டாக்ஸ் இல்ல. 22 ஆயிரம் வெள்ளிக் காருங்க இது. பேப்பரைக் கசக்கிப் போட்டுட்டேன், பொண்ணு எடுத்துப் பிரிச்சுப் பாத்துட்டு "அப்பா நீங்க கூட்டினது தப்பா"ன்னு கேட்டா. தப்பா இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு எங்க அப்பா. அவருக்கு 76. அவரு பேச ஆரம்பிச்சா எழுபதுகளுக்குப் போயிடுவாரு. ஏஆர்எஃப் எகிறினதும் அந்தக் காலத்துலதான். ஆனா அவருக்குப் பிடிச்ச கதை அது இல்ல, 1975 ஜூன் மாசத்துக் கதை. அப்பதான் டவுனுக்குள்ள காலையில கார் வரணும்னா லைசென்ஸ் ஸ்டிக்கர் வாங்கி கண்ணாடியில ஒட்டணும்னு கொண்டு வந்தாங்க, ஒரு நாளைக்கு 3 வெள்ளி. இன்னைக்கு ரோட்டுல போனா தானா காசு பிடிக்கிற ஈஆர்பிக்கு அதுதான் தாத்தா. ஆனா கார்ல டிரைவரோட சேத்து நாலு பேர் இருந்தா ஸ்டிக்கர் வேணாம், சும்மா போகலாம்.

அப்பா அப்ப தோபாயோல குடியிருந்தாரு. டவுனுக்குள்ள ஷென்டன் வேயில ஒரு ஆபீஸ்ல பியூன் வேலை. காலையில பஸ் ஸ்டாப்ல நின்னா காருங்க வந்து மெதுவாகுமாம், உள்ள ரெண்டு பேர் இருப்பான், மூணு பேர் இருப்பான், ஆள் குறையுது, கண்ணாடியை இறக்கி "சிட்டியா சிட்டியா"ன்னு கேப்பானாம். அப்பா ஏறிக்குவாரு. முன்ன பின்ன தெரியாத சீனர், மலாய்க்காரர், ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் கூட. பஸ் காசு மிச்சம், ஏசி வேற. "என் வாழ்க்கையிலயே ரொம்ப காஸ்ட்லியான காருங்கள்ல போனது அந்த ஒண்ணு ரெண்டு வருஷம்தான்டா, ஒரு காசு குடுக்கல"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சட்டையை அயர்ன் பண்ணித்தான் நிப்பாராம், நல்ல கார்க்காரன் பாத்து நிறுத்துவான்னு. ஒருநாள் ஒரே கார்ல ஏற ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டதும் உண்டாம். வேணுங்கறது ஒரு ஆள், நிக்கறது ஆறு பேர். யோசிச்சுப் பாத்தா அதுவும் ஏலம்தான், என்ன அயர்ன் பண்ண சட்டையை வச்சு.

அவரு சொந்தமா கார் வாங்கினதே இல்ல. பைக் வச்சிருந்தாரு. கார் எடுக்க வேண்டிய நேரத்துல எங்க படிப்பு. 2008 நவம்பர்ல சின்னக் கார் சிஓஇ 2 வெள்ளிக்கு விழுந்துச்சு, ஞாபகம் இருக்கா? ரெண்டு வெள்ளி. எழுத்துப் பிழை இல்ல. கோப்பிக் கடையில ரெண்டு தே தாரிக் குடிக்கிற காசு. அப்பா பேப்பரைக் காட்டி "இப்ப எடுத்துடலாம்டா"ன்னு சொன்னாரு. நான் அப்ப வேலையில சேந்து ஒரு வருஷம் ஆகல, அமெரிக்காவுல பேங்க் கவுந்து இங்க ஆபீஸ் ஆபீஸா ஆளைக் குறைச்சுக்கிட்டு இருந்தாங்க, பக்கத்து சீட்டு அக்காவை ஒரு வெள்ளிக்கிழமை அனுப்பிட்டாங்க. சீட்டு ரெண்டு வெள்ளிக்குக் கிடைக்குது, காருக்குக் குடுக்க ஆளுக்கு தைரியம் இல்ல, அதனாலதான் அது ரெண்டு வெள்ளி. இப்ப நினைச்சா வயித்தெரிச்சல், ஆனா அன்னைக்கு எடுத்திருக்க மாட்டேன், அது எனக்கே தெரியும்.

விலை ஏற ஏற கோப்பிக் கடையில பேச்சு எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம். ஒருத்தரு எல்லாத்துக்கும் பணக்காரன் ரெண்டு கார் மூணு கார் வாங்கறதுதான் காரணம்னுவாரு. இன்னொருத்தரு டீலருங்க வேணும்னே ஏத்தறாங்கன்னுவாரு. நிறையப் பேரு கை காட்டறது வாடகைக் கார் கம்பெனிங்க மேல. தனியார் வாடகைக் காருக்குத் தனிப் பிரிவு கிடையாது, நம்மளோட அதே ஏலத்துலதான் அவங்களும் எடுக்கறாங்க, கம்பெனி காசுக்கு முன்னாடி குடும்பம் எப்படி நிக்கும்னு கேள்வி. நானும் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், ரொம்ப சத்தமா. அன்னைக்குன்னு பாத்து பக்கத்து பிளாக் அண்ணன் எதிர்ல உக்காந்திருந்தாரு, அவரு கம்பெனிகிட்ட வாடகைக்கு கார் எடுத்து பிஎச்வி, அதான் அந்தத் தனியார் வாடகைக் கார், ஓட்டறவரு. தே-ஓவை ஆத்திக்கிட்டே சொன்னாரு, "தம்பி, நீ ஏலத்துல எங்க கம்பெனிகிட்ட தோத்துட்டேன்னு வருத்தப்படுற, அந்த சிஓஇ காசை நாள் வாடகையில யாரு கட்றான்னு நினைக்கற? காலையில வண்டியை எடுத்தா மத்தியானம் வரைக்கும் கம்பெனிக்கு ஓட்டறேன், அப்புறம்தான் வீட்டுக்கு." அதுக்கப்புறம் நான் அந்தப் பாயிண்டை அவரு முன்னாடி எடுக்கல. இதுல இன்னொண்ணு, கார் இல்லாத குடும்பம் மழை நாள்ல எதுல ஏறுது? அவரு வண்டியிலதானே.

எனக்கு இந்த ஒதுக்கீடு முறை மேலயே கோபம் இல்ல, அதைச் சொல்லிடறேன், இல்லேன்னா கீழ வந்து சண்டைக்கு நிப்பீங்க. இந்த ஊர் நிலத்துல 12 சதவீதம் ஏற்கனவே ரோடுதான். 2018 பிப்ரவரியில இருந்து கார் பைக் எண்ணிக்கைக்கு வளர்ச்சி பூஜ்யம்னு வச்சிருக்காங்க, பழசு ஒண்ணு போனாத்தான் புதுசு ஒண்ணு வரும். 2025 பிப்ரவரியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா 20 ஆயிரம் வரைக்கும் கூடுதலா விடறோம்னு சொல்லி விட்டுக்கிட்டும் இருக்காங்க, அப்படி விட்ட வருஷத்துலதான் ஏ பிரிவு ரெக்கார்டும் உடைஞ்சுது, அது வேற விஷயம். சென்னையில ஏர்போர்ட்ல இருந்து மைலாப்பூர் போக டாக்சியில உக்காந்து தூங்கி எழுந்து மறுபடி தூங்கினவன் நான். ரோட்டுல வண்டிக்கு ஒரு அளவு வேணும், ஒத்துக்கறேன்.

என் கடுப்பு எங்கன்னா, அந்த அளவுக்குள்ள யாருக்குன்னு வர்றப்ப ஏலத்துக்கு ஒரே ஒரு காதுதான் இருக்கு, அது காசு சத்தத்தை மட்டும்தான் கேக்கும். வீட்டுல மூணாவது காரா எடுக்கறவனும், முட்டி தேஞ்ச அப்பாவை மாசத்துக்கு நாலு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவனும், ஏ பிரிவுல வந்தா ஒரே வரிசை, ஒரே விலை. தேவைப்படறவங்களுக்கு முன்னுரிமை குடுக்கலாமேன்னு நாடாளுமன்றத்துலயே பல தடவை கேட்டாச்சு. யாருக்குத் தேவை அதிகம்னு எப்படி முடிவு பண்றதுன்னு திருப்பிக் கேக்கறாங்க. முதல்ல கேக்கறப்ப சாக்கு மாதிரி தோணுச்சு. அப்புறம் ஒருநாள் எம்ஆர்டி ரயில்ல வரும்போது யோசிச்சேன், எங்க அப்பா முட்டி, மேல் மாடிக்காரம்மா பையன் சக்கர நாற்காலி, எதிர் வீட்டுல இரட்டைப் பிள்ளை, யாரு முட்டி பெரிய முட்டின்னு எந்த அதிகாரி வந்து அளப்பாரு? அளந்தாலும் நாம ஒத்துக்குவோமா? அதுக்காக ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு நான் நம்பல. ரெண்டாவது கார் எடுக்கறவன் அதிகமாக் கட்டட்டும், அதை எண்ண முட்டி டாக்டர் வேணாம், பேரைத் தட்டினா கம்ப்யூட்டர் சொல்லும். பேரை மாத்தி அம்மா பேருல எடுப்பான், தெரியும். எடுக்கட்டுமே, கொஞ்சமாவது மெனக்கெடட்டும்.

கார்க்காரன் புலம்பல் எல்லாம் வசதியானவன் புலம்பல்னு சொல்றவங்க பைக் பக்கம் பாத்துட்டுச் சொல்லுங்க. அக்கா மகன் சாப்பாடு டெலிவரி பண்றான், சின்ன பைக்குக்கான 2பி லைசென்ஸ், பழைய வண்டி சிஓஇ முடிஞ்சு போச்சு. பைக்குக்கு டி பிரிவு. 2022 நவம்பர்ல அது 13,189 வரைக்கும் போனதைப் பாத்தோம், எங்க அப்பா பைக் ஓட்டின காலத்துல இதைச் சொன்னா ஜோக்குன்னு சிரிச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் இறங்குச்சு. "மாமா, வண்டிக்கும் சீட்டுக்கும் ஒரே விலை, ரெண்டு பைக் வாங்கி ஒண்ணைத்தான் ஓட்டப் போறேன்"னான். காருக்காவது ஏ, பெரிய காருக்கு பி, அதுவும் இல்லேன்னா இ-ங்கற திறந்த பிரிவுன்னு ஒரு வாசல் இருக்கு, பைக்குக்கு அந்தத் திறந்த பிரிவு வாசலும் கிடையாது. இவன் சம்பாதிக்கறதே அந்த வண்டியிலதான். இப்ப சைக்கிள்ல ஓட்டறான், மோட்டார் வச்சது, ரோடு கொஞ்சம் ஏறினா மூச்சு வாங்குது, அவனுக்கு இல்ல சைக்கிளுக்கு. பைக்குக்குக் காசு சேத்துக்கிட்டு இருக்கான். ஏலம் இறங்கும் இறங்கும்னு அவனும் புதன்கிழமை பாக்கறான், எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு இந்த வியாதி.

நான் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சுடலாம்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். ஷெட்காரன் கூட "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு பாஸ், இதைப் போய்க் குடுக்கறீங்களா"ன்னான். வீட்டுக்காரம்மாதான் ஒரு ராத்திரி சாப்பிட்டு முடிச்சு பாத்திரம் கழுவாம வந்து உக்காந்தாங்க. அப்படி உக்காந்தாங்கன்னா விஷயம் பெரிசுன்னு அர்த்தம்.

"57,500 அஞ்சு வருஷத்துக்கு. மாசம் எவ்வளவு?"

"958."

"பார்க்கிங்?"

"110."

"ரோடு டாக்ஸ்?" வருஷம் 742, பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு 10 சதவீதம் கூட, அதுவும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகும். மாசத்துக்கு 68-ன்னு போட்டோம். இன்ஷூரன்ஸ் 90, பெட்ரோல் 200, பழைய வண்டிக்கு ரிப்பேர் கூடக் கம்மியாவே 80. ஆயிரத்து ஐநூறைத் தாண்டுச்சு. நிறுத்துவாங்கன்னு பாத்தேன்.

"பார்ஃப் எவ்வளவு வரும்?"

அதை நான் மறைச்சு வச்சிருந்தேன். எங்க வண்டி ஏஆர்எஃப் 18 ஆயிரம், பத்தாவது வருஷம் வண்டியைக் குடுத்தா அதுல பாதி, 9 ஆயிரம் திரும்ப வரும். புதுப்பிச்சா அந்தக் காசு போச்சு, ஒரு வெள்ளி கிடையாது. அதையும் அறுபது மாசத்துக்குப் பிரிச்சா 150. ஆக மாசம் 1,656.

"ஒரு தடவை கிராப் வாடகைக் கார் 20 வெள்ளின்னு வைங்க. எண்பத்திரண்டு தடவை போகலாம். நாம மாசத்துக்கு எத்தனை தடவை வெளிய போறோம்?"

எண்ணிப் பாத்தோம். அப்பா ஆஸ்பத்திரி நாலு, போக வர எட்டு. கோயில். மார்க்கெட். பொண்ணு டியூஷன். எப்படி இழுத்தாலும் நாப்பதைத் தாண்டல. "மலேசியா பக்கம் ஜோகூர் போகணும்னா?"ன்னு ஒரு கேள்வி போட்டுப் பாத்தேன். "காஸ்வேயில மூணு மணி நேரம் நின்னு நீங்க போடற சத்தத்தைக் கேக்கறதுக்கா"ன்னு எழுந்து பாத்திரம் கழுவப் போயிட்டாங்க.

எனக்குத் தெரியும், கணக்குல அவங்க சரி. ஆனா கார்ங்கறது எண்பத்திரண்டு தடவைக் கணக்கு மட்டும் இல்ல. அப்பாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு அடைச்ச மாதிரி இருந்தப்ப கீழ போய் சாவியைப் போட்டதும் கிளம்புச்சே, அதை எந்தக் கட்டத்துல எழுதறது? அம்மா கடைசியா வீட்டுக்கு வந்ததும் இந்தக் கார்லதான். முன் சீட்டுல, ஜன்னலை இறக்கச் சொல்லி. இதை நான் வாய்விட்டுச் சொல்லல, சொல்லியிருந்தா ஒருவேளை அவங்களே புதுப்பிங்கன்னு சொல்லியிருப்பாங்க, அதனாலயேதான் சொல்லல.

டிசம்பர் கடைசி வாரம் வந்து எடுத்துட்டுப் போனாங்க. அதுக்கு முன்னாடி நாலு டீலர்கிட்ட விலை கேட்டோம், பேப்பர் வேல்யூ நம்மளுக்குத் தெரியும், சிஓஇ முடியப் போறதால வெறும் பார்ஃப் மட்டும்தான், அதுக்கு மேல பாடிக்கு என்ன தருவீங்கன்னு ஒரே பேரம். ஒருத்தன் 300 வெள்ளின்னான், இன்னொருத்தன் எதுவுமே இல்லன்னான், மூணாவது ஆளு "டயர் புதுசா"ன்னு கேட்டுட்டு 600 சொன்னான். ஒரு கார்ல டயருக்குத்தான் மரியாதை மிச்சம். ஈஆர்பிக்குப் புதுசா மாட்டின ஓபியூ டப்பா கூட இன்னும் பளபளன்னு இருந்துச்சு, அதுல ஸ்க்ரீன் பிளாஸ்டிக்கை நான் பிரிக்கவே இல்ல. டாஷ்போர்டுல இருந்த பிள்ளையாரை அப்பா எடுத்துக்கிட்டாரு, பசையைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆச்சு, வந்த பையன் பொறுமையா நின்னான், நல்ல பையன்.

சரி, நேத்து ஏலம் ஏன் பாத்தேன்னு கேட்டீங்கன்னா, அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வண்டியைக் குடுத்ததுக்கு அப்புறம்தான் இதைச் சரியாப் படிச்சேன். நாங்க புதுப்பிச்சிருந்தா அந்த சிஓஇ எங்ககிட்டயே இருந்திருக்கும், ஏலத்துக்கே வந்திருக்காது. விலை ஏறுதுன்னு பயந்து என்னை மாதிரி பழைய வண்டியைக் கட்டிப் பிடிச்சுக்கறவங்க ஜாஸ்தியானா, ஏலத்துக்கு வர்றது குறையுது, குறைஞ்சா விலை இன்னும் ஏறுது. ஒரு வருஷமா கோப்பிக் கடையில யாரு யாரையோ திட்டினேன், அந்த லிஸ்ட்ல நானும் சேர இருந்தேன்னு யாரும் சொல்லல.

இப்ப எங்க வண்டி போனதால ஒரு இடம் காலி. ஆனா அதையும் முழுசா ஒரே தடவையில விட மாட்டாங்களாம். ஒதுக்கீட்டைக் கணக்குப் போடறப்ப கடைசி நாலு காலாண்டுல எத்தனை வண்டி போச்சுன்னு சராசரி எடுக்கறாங்க, அப்ப என் கார் அடுத்து வர்ற நாலு காலாண்டுலயும் கால் கால் பங்காத்தான் உள்ள போகும். அப்பாகிட்ட சொன்னேன். பிள்ளையாரைத் துடைச்சு டிவி மேசையில வச்சுக்கிட்டு இருந்தாரு.

"எப்ப இருந்துடா?"

"பிப்ரவரி ஏலத்துல இருந்துப்பா. முதல் கால் பங்கு."

"எந்தக் கால்?"ன்னாரு. "டயர் நல்லா இருந்த பக்கத்தை முதல்ல குடுத்துடாதே."